மருந்தின் மெய்ம்மை கண்டவர்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் நாட்டுப் பழமொழி. அச்செல்வத்தை இழந்தார்க்கு அதனை மீட்டுத் தருவது மருந்து. நோயுற்றவர் மருந்தை நம்பியே உண்கின்றனர். அதில் கலந்துள்ள பொருள் யாது, அஃது உடலினுட் சென்று என்ன செய்யும், எவ்வளவு உண்டால் நன்மை பயக்கும், எவ்வளவு மிகுந்தால் தீங்கு விளையும் என்பவற்றை அவர் அறியார். கொடுப்பவர் அறிந்திருக்கின்றார் என்னும் நம்பிக்கையே அவருக்குத் துணை. அந்நம்பிக்கை பொய்த்துப் போகாதவாறு காப்பது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை காண முயலும் அறிவுத்துறையே மருந்தியல். அத்துறையை இந்திய நாட்டில் வேரூன்றச் செய்த பெருமை பேராசிரியர் சர் இராம்நாத் சோப்ராவைச் சாரும்.

மருந்தியல் என்பது மருந்துகளின் பெயர்களையும் குணங்களையும் மனப்பாடம் செய்வதன்று. ஒரு மருந்து உடலில் எவ்வுறுப்பைத் தாக்குகின்றது, எவ்வாறு தாக்குகின்றது, எவ்வளவு நேரம் உடலில் தங்குகின்றது, எவ்வழியாக வெளியேறுகின்றது என்பனவற்றைச் சோதனையால் துணிவதே அதன் நோக்கம். அதன் ஒரு பிரிவு ஆய்வுக்கூடத்தோடு நில்லாமல் மருத்துவமனைக்குள் புகுந்து, நோயாளியின் படுக்கையருகிலேயே மருந்தின் பயனை அளந்தறிய முயல்கின்றது. அதனை இன்று சிகிச்சை மருந்தியல் என வழங்குவர். இப்பெயர் உலகில் பரவுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அதன் செயல்முறையைக் கைக்கொண்டவர் சோப்ரா.

இவர் 1882ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள், பஞ்சாபில் குஜ்ரன்வாலா என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. இலாகூரில் கல்லூரிக் கல்வி கற்றபின் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மருந்தியலைச் சோதனை வழியில் வளர்த்து வந்த டிக்சன் என்னும் பேராசிரியரிடம் பயிலும் வாய்ப்பு ஆங்கு அவருக்குக் கிட்டியது. நூலில் எழுதியுள்ளது என்பதற்காக ஒன்றை ஏற்றுக்கொள்ளாமல், கண்ணாற் கண்டு கருவியால் அளந்த பின்னரே ஏற்கும் பழக்கம் இளமையிலேயே அவருள்ளத்திற் பதிந்தது. 1908இல் இந்திய மருத்துவப் பணியிற் சேர்ந்தார். முதல் உலகப் போரின்போது கிழக்கு ஆப்பிரிக்காவிலும், பின்னர் 1919இல் நிகழ்ந்த ஆப்கானியப் போரிலும் படை மருத்துவராகப் பணியாற்றினார்.

1921இல் அவர் வாழ்வு புதிய வழியில் திரும்பியது. கல்கத்தாவில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி என்றொரு நிறுவனம் அப்பொழுதுதான் தொடங்கப் பெற்றிருந்தது. மலேரியா, காலா அசார், சீதபேதி, தொழுநோய் முதலிய வெப்பநாட்டு நோய்களை ஆராய்வதற்கென்றே அமைந்த அப்பள்ளியில், மருந்தியலின் முதற் பேராசிரியராகச் சோப்ரா அமர்த்தப்பட்டார். பள்ளியை ஒட்டியே கார்மைக்கேல் மருத்துவமனையும் இருந்தது. ஒருபுறம் ஆய்வுக்கூடம், மறுபுறம் நோயாளிகள் தங்கும் கூடம் என்னும் இவ்வமைப்பே பின்னர் அவர் செய்த பணிகள் அனைத்திற்கும் அடிப்படையாயிற்று.

அந்நாளில் இந்திய நாட்டு மருந்துகளைப் பற்றி இரு வேறு கொள்கைகள் நிலவின. நம் முன்னோர் கூறிய மருந்துகள் அனைத்தும் பழுதற்றவை, அவற்றைச் சோதித்துப் பார்ப்பதே பிழை என்றனர் ஒரு சாரார். அவை வெறும் இலையும் வேருமே, அவற்றால் யாதொரு பயனும் இல்லை என்று இகழ்ந்தனர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஆராயாமலே முடிவு கட்டியவர்கள். போற்றியவர்களும் சோதிக்கவில்லை, தூற்றியவர்களும் சோதிக்கவில்லை. இவர்களுக்கிடையே அகப்பட்டு வருந்தியவன் ஏழை நோயாளி. வெளிநாட்டிலிருந்து வந்த மருந்துகளை விலை கொடுத்து வாங்க அவனால் இயலவில்லை. அருகில் விளையும் மூலிகையை நம்பி உண்ணலாமா என்று உறுதி கூறுவாரும் இல்லை.

சோப்ரா மூன்று குறிக்கோள்களை மேற்கொண்டார். அயல்நாடுகளிலிருந்து பொருள் கொடுத்து வரவழைக்கும் மருந்துச் சரக்குகளுள் நம் நாட்டிலேயே விளைவன எவை எனக் கண்டு, அவற்றை இங்கேயே செய்துகொள்ளுதல் முதலாவது. ஆயுர்வேதமும் யுனானியும் போற்றும் மருந்துகளை ஆராய்ந்து, மெய்யாகவே பயன் தருவனவற்றைப் பிரித்தெடுத்தல் இரண்டாவது. அவற்றை எளிய மக்களும் வாங்கத்தக்க குறைந்த விலையிற் கிடைக்கச் செய்தல் மூன்றாவது.

ஒரு மூலிகையை ஆராய்வது எளிய செயலன்று. முதற்கண் மூலிகை எது என்பதை ஐயமறத் தெளிதல் வேண்டும். ஒரே பெயரால் பல செடிகள் வழங்குவதும், ஒரே செடி ஊர்தோறும் வேறு வேறு பெயர் பெறுவதும் உண்டு. சீதபேதிக்குக் குடசப்பாலைப் பட்டையைக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். அப்பட்டையோடு தோற்றத்தில் ஒத்தது வெட்பாலைப் பட்டை. குடசப்பாலையில் உள்ள மருந்துச் சத்து வெட்பாலையில் இல்லை. கடைக்காரர் அறியாமலோ அறிந்தோ ஒன்றற்கு மற்றொன்றைக் கொடுத்துவிடின், நோய் தீராது. பழியோ நல்ல மருந்தின்மேல் விழும். ஆதலின் செடிநூல் வல்லார் துணையின்றி மருந்தாராய்ச்சி தொடங்குவதற்கில்லை.

செடியைத் தெளிந்தபின், அதிலுள்ள சத்தை வேதியியலார் பிரித்தெடுப்பர். மருந்துச் செடிகள் பலவற்றில் ஆல்கலாய்டு எனப்படும் கசப்பான சத்துப் பொருள்கள் உள்ளன. கொய்னா, அபினியிலுள்ள மார்பின் ஆகியவை இவ்வினத்தைச் சேர்ந்தவை. பிரித்தெடுத்த சத்தை அடுத்து விலங்குகளுக்குச் செலுத்தி, அவற்றின் இதயத் துடிப்பும் மூச்சும் இரத்த அழுத்தமும் எவ்வாறு மாறுகின்றன என்று நோக்குவர். புகைக்கரி படிந்த தாளைச் சுற்றிய உருளை ஒன்று மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும். அதன்மேல் ஒரு நுண்ணிய ஊசி, இரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கங்களைக் கோடாக வரைந்துகொண்டே செல்லும். மருந்து செலுத்தப்பட்ட கணத்தில் கோடு தாழ்ந்ததா, உயர்ந்ததா என்பதை எவரும் கண்ணாற் காணலாம். இவ்வளவும் முடிந்து, தீங்கில்லாத அளவு இதுவெனத் தெரிந்த பின்னரே நோயாளிக்கு மருந்து கொடுக்கப்படும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் மொழி மருந்தியலுக்கு முற்றும் பொருந்துவதாம்.

இம்முறையில் சோப்ராவும் அவர்தம் துணைவர்களும் மூலிகை பலவற்றை ஆராய்ந்தனர். மூக்கிரட்டை என்று நாம் கூறும் புனர்நவையை ஆராய்ந்து 1923இல் கட்டுரை வெளியிட்டனர். உடலில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு அதனைக் கொடுப்பது பழைய வழக்கம். அதில் ஓர் ஆல்கலாய்டும், மிகுதியான பொட்டாசிய உப்பும் இருப்பதையும், அது சிறுநீரைப் பெருக்குவதையும் அவர்கள் கண்டனர். இருமலுக்கும் இரைப்புக்கும் வழங்கும் ஆடாதோடையின் சத்து, மூச்சுக் குழல்களைச் சிறிதளவே ஆயினும் நெடுநேரம் விரியச் செய்வதைக் காட்டினர். அச்சத்தின் அமைப்பை அடிப்படையாகக் கொண்டே, சளியை இளக்கும் புரோம்எக்சின் என்னும் மருந்து பிற்காலத்தில் ஜெர்மனியில் ஆக்கப்பட்டது.

இமயமலைப் பகுதியில் வளரும் எபிட்ரா என்னும் புதரைப் பற்றிய ஆராய்ச்சி சோப்ராவின் முதற் குறிக்கோளுக்கு நல்ல சான்று. இரைப்பு நோய்க்கு உதவும் எபிட்ரின் சீனத்துச் செடியொன்றிலிருந்து எடுக்கப்பட்டு, 1924ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் பரவலாயிற்று. அதன் இனச்செடிகள் இந்தியாவின் வடமேற்கு மலைகளிலும் உள என்பதையும், அவற்றிலும் அச்சத்து உண்டென்பதையும் சோப்ராவின் குழுவினர் ஆராய்ந்து கூறினர். மழை குறைந்த இடத்துச் செடியில் சத்து மிகுந்தும், மழை மிகுந்த இடத்துச் செடியில் சத்துக் குறைந்தும் காணப்பட்டது. எனவே எவ்விடத்தில், எப்பருவத்தில் செடியைச் சேகரித்தல் வேண்டும் என்பதும் மருந்தாராய்ச்சியின் ஒரு பகுதியே என்பது விளங்கிற்று.

இவை அனைத்தினும் புகழ் மிக்கது சர்ப்பகந்தியின் வரலாறு. அஃது ஒரு சிறு செடி. அதன் வேர் பாம்பைப் போல் நெளிந்திருக்கும். பீகார்ப் பகுதி மக்கள் அதனைப் 'பாகல் கீ தவா', அஃதாவது பித்தர் மருந்து என்று அழைத்தனர். மனம் கலங்கிப் பிதற்றுவோர்க்கும், உறக்கமின்றி வருந்துவோர்க்கும் அவ்வேரை அரைத்துக் கொடுப்பர். 1931இல் டில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் வேதியியலறிஞர் அவ்வேரிலிருந்து ஆல்கலாய்டுகள் சிலவற்றைப் பிரித்தெடுத்தார். அவ்வாண்டிலேயே கணநாத சேன், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இரு மருத்துவர்கள், அவ்வேர் பித்தத்தைத் தணிப்பதோடு இரத்தக் கொதிப்பையும் குறைக்கின்றது என எழுதினர். 1933இல் சோப்ரா, குப்தா, முகர்ஜி என்னும் மூவர், அவ்வேரின் சத்து இரத்த அழுத்தத்தைத் தாழ்த்துவதை ஆய்வுக்கூடச் சோதனையாற் காட்டினர். நாட்டார் வாய்மொழியாக வழங்கி வந்த ஒன்று, அளந்தறிந்த உண்மையாக மாறிய கட்டம் அது.

அதன்பின் நிகழ்ந்தவற்றையும் அறிதல் வேண்டும். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், இரத்தக் கொதிப்புற்ற 50 நோயாளிகளுக்குச் சர்ப்பகந்தியைக் கொடுத்துக் கண்ட பயனை ஆங்கில நாட்டு இதழொன்றில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்து நாட்டுப் பேசல் நகரில் அவ்வேரின் தலையாய சத்தாகிய ரெசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. சில ஆண்டுகளுள் அம்மருந்து பல நாடுகளிலும் இரத்தக் கொதிப்புக்கும் மனநோய்க்கும் வழங்கலாயிற்று. ஆனால் அதனை உண்டோர் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு ஆளாயினர் என்பதும் தெரிய வந்தது. மருத்துவர்கள் அளவைக் குறைத்தனர்; புதிய மருந்துகள் தோன்றியபின் அதன் வழக்கு அருகியது. எனினும் அதனால் விளைந்த அறிவு அருகவில்லை. ரெசர்ப்பின் கொடுக்கப்பட்டு அசைவற்றுக் கிடந்த முயல்களை வேறொரு மருந்தால் எழுந்து இயங்கச் செய்தார் சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன். 1957இல் அவர் வெளியிட்ட இம்முடிவு, நடுக்குவாத நோய்க்குரிய மருத்துவத்திற்கு வழிகோலியது. அவ்வாராய்ச்சிகளுக்காக அவர் 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். கல்கத்தாவில் ஆராய்ந்த வேர் உலக அறிவுக்குத் தந்த கொடை இத்தகையது.

ஆய்வுக்கூடத்திற்கு வெளியேயும் சோப்ராவின் கவனம் சென்றது. நல்ல மருந்து எதுவெனக் கண்டாலும், கடையில் விற்பது அதுதானா என்பதில் ஐயம் இருந்தது. அக்காலத்தில் மலேரியாக் காய்ச்சலே நாட்டின் பெரும்பகை. 1947இல் நாடு விடுதலை பெற்ற காலத்தும் ஆண்டுதோறும் 7.5 கோடி மக்கள் அக்காய்ச்சலால் துன்புற்றனர் என்றும், 8 இலட்சம் பேர் இறந்தனர் என்றும் மதிப்பிட்டுள்ளனர். அதற்கு உரிய மருந்து கொய்னா. உழவனொருவன் தன் மகனுடைய காய்ச்சலுக்காக அரும்பாடுபட்டு ஈட்டிய காசைக் கொடுத்துக் கொய்னா வாங்குகின்றான் என்று கொள்வோம். அம்மாத்திரையில் கொய்னா குறைந்தோ இல்லாமலோ இருப்பின், காசும் போகும், மகனும் பிழையான். இத்தகைய போலி மருந்துகளும் கலப்பட மருந்துகளும் அந்நாளில் தடையின்றி விற்கப்பட்டன. அவற்றைத் தடுக்க நாடு முழுவதற்குமான சட்டம் இல்லை. மருந்து விற்பவன் மருந்தைப் பற்றி யாதும் கற்றிருத்தல் வேண்டும் என்னும் விதியும் இல்லை.

மக்களிடையே எழுந்த முறையீட்டின் பயனாக, 1930ஆம் ஆண்டு ஆகஸ்டில் அரசாங்கம் மருந்து விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அதற்குத் தலைவராயினார் சோப்ரா. குழுவினர் நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று, மருத்துவரையும் வணிகரையும் உசாவி, 1931இல் அறிக்கை தந்தனர். மருந்துகளின் தரத்தைக் காக்கச் சட்டம் வேண்டும், அவற்றைச் சோதிக்க ஆய்வுக்கூடங்கள் வேண்டும், மருந்தாளர்க்கு முறையான கல்வி வேண்டும் என்பன அவ்வறிக்கையின் சாரம். அறிக்கை உடனே செயலுக்கு வரவில்லை. பல ஆண்டுகள் கழிந்தன. 1937இல் கல்கத்தாவில் மருந்துகளைத் தரப்படுத்தும் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. 1940இல் மருந்துச் சட்டம் இயற்றப்பட்டது. 1948இல் மருந்தாளர் கல்வியையும் தொழிலையும் ஒழுங்கு செய்யும் சட்டம் பிறந்தது. இன்று மருந்துப் பெட்டியின்மேல் செய்தவர் பெயரும், செய்த நாளும், கெடும் நாளும் அச்சிடப்பட்டிருப்பதைக் காண்கின்றோம். அவ்வொழுங்கிற்கு அடிகோலியது 1940ஆம் ஆண்டுச் சட்டம். அச்சட்டத்திற்கு வித்திட்டது சோப்ரா குழுவின் அறிக்கை.

அபினி, கஞ்சா முதலிய போதைப் பொருள்களின் பழக்கத்தையும் அவர் நாட்டின் பல இடங்களில் ஆராய்ந்தார். வேலைக்குச் செல்லும் ஏழைத் தாய்மார் சிலர், குழந்தை அழாமல் உறங்கும்பொருட்டு அபினி கலந்த சிறு மாத்திரையைக் கொடுத்து வந்தனர். அதனாற் குழந்தைகளுக்கு நேரும் கேட்டை அவர் எடுத்துரைத்தார். நோயைத் தணிக்கும் பொருளே, அறியாது வழங்கினால் உடலை அழிக்கும் பொருளாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பல்லாண்டு ஆராய்ச்சியின் பயனை 1933இல் 'இந்திய நாட்டு மருந்துகள்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலாக அவர் வெளியிட்டார். எம்மருந்தின் புகழுக்குச் சோதனை துணை நிற்கின்றது, எதன் புகழ் வெறும் புகழே என்பதை நடுவுநிலை பிறழாது உரைத்தமையே அந்நூலின் சிறப்பு. பின்னர் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் இயக்குநராகவும் பணியாற்றினார். 1941இல் 'சர்' பட்டம் பெற்றார். அவ்வாண்டில் கல்கத்தாப் பணியினின்று ஓய்வு பெற்றும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. காசுமீரம் சென்று, ஆங்கு மருத்துவத் துறைக்குத் தலைமை தாங்கியதோடு மருந்தாராய்ச்சிக் கூடமொன்றையும் வளர்த்தார். 1946இல் அமைக்கப்பட்ட நாட்டு மருத்துவ முறைகள் பற்றிய குழுவிற்குத் தலைவராக இருந்து, 1948இல் அறிக்கை அளித்தார். இந்திய மருந்துச் செடிகளின் பெயர்களையும் பயன்களையும் தொகுத்த நூல் 1956இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 74. 1973ஆம் ஆண்டு சூன் 13ஆம் நாள் அவர் மறைந்தார்.

சோப்ராவின் காலத்திற்குப் பின் சிகிச்சை மருந்தியல் மேலும் நுட்பமாக வளர்ந்துள்ளது. பல நோய்கள் மருந்தின்றியே தாமாகத் தணிவன. மருந்து உண்டோம் என்னும் எண்ணமே சிலருக்குச் சற்று நலம் தருவதும் உண்டு. ஆகவே இக்காலத்தில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு ஆராயப்படும் மருந்தையும், மற்றொரு பிரிவினர்க்குப் பழைய மருந்தையோ மருந்தற்ற மாத்திரையையோ கொடுத்து ஒப்பிடுவர். யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பது நோயாளிக்கும் தெரியாது. கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது. விருப்பும் வெறுப்பும் முடிவைத் திரித்துவிடாதிருக்கக் கண்ட வழி இது. முறை புதிதாயினும் அதன் உள்ளக்கருத்து, போற்றுவோர் சொல்லையும் தூற்றுவோர் சொல்லையும் ஒதுக்கிவிட்டுப் பொருளையே வினவிய சோப்ராவின் கருத்திலிருந்து வேறுபட்டதன்று.

பழமையானது என்பதனால் ஒரு மருந்து நன்றாகிவிடாது. புதுமையானது என்பதனாலும் நன்றாகிவிடாது. அயல்நாட்டினது என்பதனால் உயர்வும் இல்லை. நம் நாட்டினது என்பதனால் தாழ்வும் இல்லை. நோயாளியின் உடலில் அது செய்யும் செயல் ஒன்றே அதன் தகுதியைக் காட்டும் உரைகல். அவ்வுரைகல்லைத் தம் வாழ்நாள் முழுதும் கைவிடாது பயன்படுத்தி, ஏழையின் கைக்கு மெய்யான மருந்து சேர உழைத்தமையாற் பேராசிரியர் சோப்ராவை நாடு நன்றியுடன் நினைக்கின்றது.